மூன்றுக்கு ஒன்று

அந்த நாற்காலி வேண்டாம் சார், அதற்கு ஒரு கால் ஆட்டம். இதில் உட்காருங்கள். என் தங்கைக்குக் கிட்டாரின் முகப்பலகையை மயிரிழை மயிரிழையாக இழைத்துக் குறைக்க நேரம் இருக்கிறது, வீட்டு நாற்காலிக்கு ஒரு ஆணி அடிக்க நேரம் இல்லை. டீ வந்துகொண்டிருக்கிறது. சர்க்கரையைத் தனியாகவே வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் இன்சூரன்ஸ் ஆபீஸிலிருந்து வருகிறீர்கள் என்றதும் எனக்குச் சந்தோஷம்தான். போனிலேயே நல்ல கேள்வி கேட்டீர்கள். பயணத்துக்கு முன்னால் தந்திகளைத் தளர்த்திவிட்டதாகக் கிட்டார் செய்தவர் நஷ்ட ஈட்டு விண்ணப்பத்தில் எழுதியிருக்கிறார். ஆனால் கண்காட்சியில் பெட்டியைத் திறந்தபோது எடுத்த போட்டோவில் தந்திகள் சுருதி ஆணிகளில் முழுக்க முறுக்கிச் சுற்றியிருந்தனவே, எப்படி என்று கேட்டீர்கள். சொல்கிறேன். மென்று முழுங்குகிற பழக்கம் எனக்கு இல்லை.

அதற்கு முன்னால் ஒரு சின்ன விஷயம், தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. போனில் அந்தக் கிட்டார் மரத்தின் பெயரை 'வெஞ்' என்று வாசித்தீர்கள். அது வெங்கே. கடைசியில் 'கே' வர வேண்டும். இந்த ஊரில் அதைச் சரியாகச் சொல்கிற ஆள் நான் ஒருவன்தான், அதனால் நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. உங்கள் கேள்விக்கான பதிலே அதில்தான் இருக்கிறது.

பின்னறையில் இழைக்கிற சத்தம் கேட்கிறது பாருங்கள், அவள்தான். இரண்டு காதிலும் பெரிய மூடி போட்டிருப்பாள். இங்கே பேசுவது எதுவும் அவளுக்குக் கேட்காது. சின்ன வயதில் அவளுக்கு எங்கள் வீட்டில் வாயாடி என்று பெயர். பால்காரரிலிருந்து பல் டாக்டர் வரை ஒருவரையும் விட்டுவைக்க மாட்டாள். இன்றைக்கும் வீட்டில் அவளை வாயாடி என்றுதான் கூப்பிடுகிறோம், பெயர் மட்டும் மிச்சம்.

இந்த வேலையை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. உடைந்த கிட்டார்களை வாங்கிப் பிரித்துப் பார்ப்பாள், வரைபடம் வரவழைப்பாள், புத்தகம் படிப்பாள். அதில்தான் ஒரு சிக்கல். கிட்டார் என்பது உலகத்தில் உள்ள எல்லா ஊரும் சேர்ந்து செய்கிற பொருள். முதுகுக்கு ஒரு கண்டத்து மரம், கழுத்துக்கு வேறொரு கண்டத்து மரம், ஓட்டையைச் சுற்றிப் பதிக்கிற வளையத்துக்கு இன்னொரு மொழியில் பெயர், அதைச் செய்கிறவருக்கே ஒரு வெளிநாட்டுப் பெயர். கண்ணால் படித்துவிடலாம், கை கற்றுக்கொண்டுவிடும். வாய்க்குத்தான் வழி தெரியாது.

அப்போது நான் சும்மா இருந்தேன். சும்மா என்றால், தண்ணீர் சுத்தப்படுத்தும் மெஷின் விற்றுக் கையைச் சுட்டுக்கொண்டு, அடுத்து ஜன்னல் திரை விற்று இன்னொரு கையையும் சுட்டுக்கொண்டு, வீட்டில் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் வேலைக்குக் கிளம்பும்போது எனக்கு டாட்டா காட்டிவிட்டுப் போவாள். ஒரு ஆண்பிள்ளைக்கு அது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தங்கைதான் சொன்னாள், "அண்ணா, என்கூட வந்துடு. முன்னாடி கடையை நீ பாத்துக்கோ." வந்தேன். பார்த்துக்கொள்ள அங்கே ஒன்றும் இல்லை. தூசி தட்டினேன். வருகிறவர்களோடு அவளே பேசினாள், பேசியே பாதி கிட்டாரை விற்றுவிடுவாள். என்னைப் பார்த்து, "உங்க கடைப் பையனா?" என்று கேட்ட ஆளும் உண்டு. எனக்கு அப்போதே முன்நெற்றி ஏறிவிட்டது சார்.

முதல் தடவை நடந்தது சுத்தமான தவறு. அதை நீங்கள் குற்றக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அந்த ஓட்டை வளையத்துக்கு ரோசெட் என்று பெயர். இதை எப்படிச் சொல்வது என்று கேட்டாள், எனக்குத் தோன்றியபடி 'ரோசட்டி' என்றேன். அடுத்த வாரம் நாலு நாடு சுற்றிய டாக்டர் ஒருவர் வந்தார். அவள் உற்சாகமாக ரோசட்டி ரோசட்டி என்று விளக்கிக்கொண்டே போனாள். அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, பக்கத்தில் இருந்த மனைவியைப் பார்த்துச் சிரித்தார், அவ்வளவுதான். அவள் நடு வாக்கியத்தில் நின்றுவிட்டாள். சாயங்காலம் என்னிடம் வந்து, "அண்ணா, இனிமே வர்றவங்ககிட்ட நீயே பேசு. நான் மரத்துகிட்ட பேசிக்கறேன்," என்றாள்.

எனக்கு மனசு கஷ்டமாகப் போய்விட்டது. இரவுச் சாப்பாடு வரைக்கும் கஷ்டமாகவே இருந்தது. அதற்கப்புறம் நன்றாகத் தூங்கினேன். ரொம்ப நாளைக்கப்புறம் மறுநாள் செய்ய ஒரு வேலை இருந்தது, அதனால் இருக்கும்.

மறுநாளிலிருந்து நான் உழைத்தேன். இதை யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது. அந்தந்த நாட்டு மர வியாபாரிகளுக்குப் போன் போட்டு, வாங்குகிறவன் மாதிரி பேசி, அவர்கள் வாயிலிருந்தே பெயரைப் பிடித்தேன். சபீலி என்று ஒரு மரம் இருக்கிறது. அதன் எழுத்தைப் பார்த்தால் உலகத்தில் ஒருவருக்கும் சபீலி என்று சொல்லத் தோன்றாது. குளியலறையில் நின்று சொல்லிச் சொல்லிப் பட்டை தீட்டினேன். கடைக்கு வருகிறவர்கள் அசந்துபோனார்கள். "இவ்வளவு தெரிஞ்சிருக்கே, செய்யறதும் நீங்கதானா?" என்று கேட்பார்கள். நான் ஆமாம் என்று சொன்னதே கிடையாது. சிரிப்பேன். சிரிப்பதைப் பொய் என்று உங்கள் ஆபீஸில்கூடச் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் வாயாடி வாயாடிதானே. அடங்கிக் கிடக்க அவளால் முடியவில்லை. புதுப் பலகை வந்தால் கையில் எடுத்துக்கொண்டு ஓடிவருவாள். "அண்ணா, இதை எப்படிச் சொல்றது? சொல்லிக்குடு, நானும் பேசிப் பழகறேன்." இப்போது எனக்குச் சரியான உச்சரிப்பு தெரியும். நன்றாகவே தெரியும்.

எல்லாவற்றையும் தப்பாகச் சொல்லிக்கொடுத்திருந்தால் அவள் ஒரே வாரத்தில் கண்டுபிடித்திருப்பாள், அவள் முட்டாள் இல்லை. மூன்றுக்கு ஒன்று போதும். இரண்டைச் சரியாகச் சொல்வேன், ஒன்றைக் கொஞ்சம் திருப்பிவிடுவேன். அப்படிச் செய்தால் எது சரி எது தப்பு என்று அவளுக்கு ஒருநாளும் தெரியாது. சரியாகச் சொல்கிற சொல்லைக்கூடத் தயங்கித் தயங்கித்தான் சொல்வாள். யாராவது வந்து கேட்டால் வாயைத் திறப்பாள், என்னைப் பார்ப்பாள், மூடிக்கொண்டு பின்னறைக்குப் போய்விடுவாள். நான் எடுத்துப் பேசுவேன். எங்களுக்குள் அப்படி ஒரு அழகான ஒத்துழைப்பு இருந்தது.

அவள் இன்டர்நெட்டில் கேட்டுப் பார்த்திருக்கலாமே என்று நினைக்கிறீர்கள். பார்த்தாள். ஒரு தடவை வந்து, "வீடியோல வேற மாதிரி சொல்றாங்களே அண்ணா," என்றாள். "அது அந்த ஆளோட ஊர்ப் பேச்சும்மா. நம்மகிட்ட வாங்கறவங்க இப்படித்தான் சொல்வாங்க, தினமும் கேக்கறேனே," என்றேன். நம்பினாள். அண்ணன் சொன்னால் நம்புகிற தங்கை எத்தனை பேருக்கு வாய்க்கும் சொல்லுங்கள். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு நிறைந்துவிடும்.

என் மனைவிக்குக் காது கொஞ்சம் கூர்மை. ஒருநாள் டிபன் பாக்ஸ் மூடிக்கொண்டே கேட்டாள், "கடைல வெங்கேங்கறீங்க, அவகிட்ட வெஞ்சுங்கறீங்க. வாய்க்கு ரெண்டு நாக்கா?" கடையில் ஸ்டைலாகப் பேச வேண்டியிருக்கிறது என்றேன். தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டாள். இதைக் கவனித்தவள் அவள் ஒருத்திதான்.

சரி, கண்காட்சிக்கு வருகிறேன். பல நாடுகளிலிருந்து கிட்டார் செய்கிறவர்கள் கூடும் இடம். ஒரே ஒரு நிபந்தனை: செய்தவரேதான் மேஜையில் உட்கார வேண்டும், செய்தவரேதான் எழுந்து நின்று தன் கிட்டாரைப் பற்றிப் பேச வேண்டும். பதிலாள் கிடையாது. இது பழைய அழைப்புதான், முன்பெல்லாம் வந்தால் அவளே கிழித்துப் போட்டுவிடுவாள். இந்தத் தடவை அந்த வெங்கே கிட்டாரை முடித்துவிட்டு ஒரு தடவை மீட்டினாள். மீட்டிவிட்டு, "அண்ணா, இதைப் பத்தி நானே பேசணும்," என்றாள். "மூக்கறுபட்டாலும் பரவால்லை. நீ பழக்கிக்குடு."

அந்த நாட்கள் எவ்வளவு நன்றாக இருந்தன தெரியுமா. தினமும் சாப்பாட்டு மேஜையில் ஒத்திகை. அவள் நிற்பாள், நான் நடுவர். கையில் கரண்டி, அதுதான் மைக். என் மனைவி பார்வையாளர் மாதிரி கை தட்டுவாள். வாயாடி பழையபடி வாயாடி ஆகிக்கொண்டிருந்தாள். சிரிக்கச் சிரிக்கப் பேசினாள். முகப்பலகையைத் தட்டிப் பார்த்து எங்கே நிறுத்துவது என்று கை எப்படி முடிவு செய்கிறது என்பதை அவள் சொல்லிக் கேட்டபோது எனக்கே கண் கலங்கிவிட்டது. நடுநடுவே மூன்றுக்கு ஒன்று தப்பாக விழுந்துகொண்டிருந்தது. ஒரு நாள் திடீரென்று எனக்கு உறைத்தது: அங்கே யாராவது திருத்துவார்கள். ஒரு சொல்லைத் திருத்தினால் பரவாயில்லை. வரிசையாகத் திருத்தினால், யார் உனக்குச் சொல்லிக்கொடுத்தது என்று கேட்பார்கள்.

அத்தனை பேர் முன்னால் என் தங்கை அவமானப்படுவதை நான் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? என்னால் முடியாது. அவளைப் பற்றித்தான் யோசித்தேன் என்பதைக் கவனியுங்கள்.

கிளம்புகிற அன்று காலையில் அவள் வழக்கம்போலத் தந்திகளைத் தளர்த்திப் பெட்டியில் வைத்தாள். பயணம் என்றால் அவள் எப்போதும் அப்படித்தான். தந்திகள் தளர்ந்திருந்தால் பலகைக்கு இழுப்பு இருக்காது, வழியில் கொஞ்சம் சூடு பட்டாலும் தாங்கிக்கொள்ளும். விண்ணப்பத்தில் அவள் எழுதியது சத்தியமான உண்மை. அவள் பேரில் எந்தத் தப்பும் இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

மதியம் ஒரு ஹோட்டலில் நிறுத்தினோம். "அண்ணா, கிட்டாரை உள்ள எடுத்துட்டு வந்துடு, வெயில் கொளுத்துது," என்றாள். "நீ போய் இடம் பிடி, நான் கொண்டுவர்றேன்," என்றேன். கார் டிக்கியைத் திறந்து, பெட்டியைத் திறந்து, ஆறு ஆணிகளையும் முறுக்கினேன். வழக்கமாக நிற்கிற சுருதியைத் தாண்டியும் முறுக்கினேன். எவ்வளவு தாங்கும், எதற்கு மேல் தாங்காது என்று அவளே எனக்குக் காட்டியிருக்கிறாள். சூடு காட்டினால் பசை இளகும் என்பதும் தெரியும். பழைய கிட்டார்களைப் பழுதுபார்க்க அவள் அப்படித்தான் பிரிப்பாள். பெட்டியை மூடினேன், டிக்கியை மூடினேன். மர நிழலில் ஒரு இடம் காலியாக இருந்தது. பின்னால் வந்த குடும்பத்துக்கு அதை விட்டுக்கொடுத்துவிட்டு, வண்டியின் பின்பக்கத்தை வெயிலுக்குத் திருப்பி நிறுத்தினேன்.

உள்ளே போய், மேனேஜர் ரூமில் ஏசி ஓடுகிறது, பெட்டியை அங்கே வைத்திருக்கிறேன் என்று சொன்னேன். நிம்மதியாகச் சாப்பிட்டாள். நான் அவளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக்கொடுத்தேன். பிடித்திருக்கிறது என்றாள், இன்னொன்று வாங்கிக்கொடுத்தேன். அவசரப்படாமல் சாப்பிடு என்றேன்.

கண்காட்சியில் பெட்டியைத் திறந்தாள். தந்திகளின் அடியைப் பிடித்திருக்கும் கட்டை பிய்ந்து, முகப்பலகையில் ஒரு கீற்றையும் உரித்துக்கொண்டு வந்திருந்தது. அந்தக் கட்டையைப் பிரிட்ஜ் என்பார்கள். அந்தச் சொல்லை எல்லாருமே சரியாகச் சொல்லிவிடுகிறார்கள், எனக்கு அதில் வேலை இருந்ததில்லை. பலகை நடுவில் உப்பியிருந்தது. அவள் அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். நான் அழுதேன். நடிப்பு இல்லை சார், உண்மையாகவே அழுதேன். அழுது முடித்ததும் சொல்லத் தயாராக வைத்திருந்ததைச் சொன்னேன். "வாம்மா, வீட்டுக்குப் போயிடலாம். இதை வச்சுக்கிட்டு யார் முன்னாடி போய் நிப்ப."

அவள் மூக்கை உறிஞ்சிவிட்டு, "உன்கிட்ட டார்ச் இருக்கா அண்ணா?" என்றாள்.

கட்டை பிய்ந்த இடத்தில்தான் டார்ச் அடித்துப் பார்த்தாள், ஆணிகள் பக்கம் பார்க்கவே இல்லை. அப்புறம் அந்த உடைந்த கிட்டாரை மேஜையின் முன்பக்கம், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வைத்தாள். மற்ற மேஜைகளில் எல்லாம் பளபளவென்று முழுக் கிட்டார்கள். கூட்டம் எங்கே கூடும்? உடைந்ததைப் பார்க்கத்தான் கூடியது. அவர்கள் மத்தியில் எழுந்து நின்று பேச ஆரம்பித்தாள். பலகை எங்கே தாங்கியது, எங்கே விட்டுக்கொடுத்தது, உரிந்த நார் எந்தப் பக்கம் ஓடுகிறது, அடுத்த தடவை எதை மாற்றுவாள் என்று கொட்டித் தீர்த்தாள். நான் சொல்லிக்கொடுத்த ஒரு தப்புகூட விடாமல் வந்து விழுந்தது. எனக்குக் காது கூசியது.

யாரும் சிரிக்கவில்லை. அங்கே வந்திருந்தவர்கள் ஆளுக்கு ஒரு விதமாகச் சொன்னார்கள். ஒரு தாடிக்காரர், பெரிய கை, பெயர் பெற்ற ஆளாம், வெங்கேயை 'வாங்கி' என்றார். பக்கத்தில் நின்ற அம்மாள் அதையே 'வெஞ்சி' என்றாள். இருவரும் ஒரே பலகையைத் தடவிக்கொண்டு, தலையாட்டிக்கொண்டு பேசினார்கள். பொறுக்க முடியாமல் நான் ஒரு தடவை குறுக்கிட்டு, "வெங்கே," என்று திருத்தினேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. தாடிக்காரர் மட்டும் என் கையில் இருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்து, தனக்குத்தான் கொண்டுவந்தேன் என்று நினைத்து வாங்கிக் குடித்தார்.

அவ்வளவு பெரிய கண்காட்சியில் உச்சரிப்புத் தரம் அவ்வளவு மோசமாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. மனசு விட்டுப்போய்விட்டது.

திரும்பி வருகிற வழியெல்லாம் வாயாடி வாய் மூடவில்லை. இத்தனை வருஷத்துப் பேச்சையும் அந்த ஒரு பயணத்தில் பேசினாள். என் மனைவிக்குப் போன் போட்டு அதையே மறுபடி பேசினாள். வீடு நெருங்கும்போது சிரித்துக்கொண்டே சொன்னாள், "அண்ணா, நீ சொல்லிக்குடுத்ததுல பாதி தப்பாம். அங்க ஒரு அம்மா சொன்னாங்க. அதனால என்ன, உனக்கு மட்டும் எப்படித் தெரியும், பாவம்."

பாவம் என்றாள். எனக்குத் தெரியாதாம். குளியலறையில் நின்று எத்தனை நாள் நாக்கைச் சுழற்றியிருப்பேன், எத்தனை நாட்டுக்குப் போன் போட்டிருப்பேன். எனக்கு எல்லாமே தெரியும் என்று அவளிடம் சொல்ல முடியாது, சொன்னால் அடுத்த கேள்வி வரும். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அன்றிலிருந்து இது தொண்டையில் முள்ளாக நிற்கிறது. அதனால்தான் நீங்கள் கேட்டதும் ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். கிட்டாரைக் கெடுத்தது நான்தான். தெரிந்தே கெடுத்தேன். அவளுக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்ததும் தெரிந்தேதான். தெரியாமல் செய்தவன் இல்லை என்று எங்காவது ஒரு காகிதத்தில் ஏற வேண்டும். நஷ்ட ஈட்டை நிறுத்திக்கொள்ளுங்கள், அவள் கவலைப்பட மாட்டாள், கிட்டாரை ஏற்கெனவே ஒட்டிவிட்டாள். முன்னைவிட நன்றாகவே பாடுகிறது.

அவளுக்கு இப்போது அதெல்லாம் பெரிசு இல்லை. தாடிக்காரர் தன் பட்டறைக்கு வரச் சொல்லிவிட்டார், ஆறு மாதம் தங்கி வேலை செய்ய. பனிக்காட்டுக்குள் இருக்கிற பட்டறை, முகப்பலகைக்கான மரம் வளர்கிற காடே அதுதான். பனிக்காலம் தொடங்கும்போது அங்கே போய்ச் சேருவாள். மூன்று ரயில் ஏற வேண்டும், இரண்டு ஊரில் மாறி மூன்றாவது ஊரில் இறங்க வேண்டும். கடைசி ரயில் சின்னது, எல்லா இடத்திலும் நிற்காது. இறங்க வேண்டிய ஊரின் பெயரை முன்கூட்டியே கண்டக்டரிடம் சொன்னால்தான் அங்கே நிறுத்துவார். சொல்லாவிட்டால் மலைக்கு அந்தப் பக்கம்தான் நிற்கும், அங்கே ஒரு கொட்டகையும் ஒரு பெஞ்சும் இருக்கிறதாம். தனியாகப் போகிறாள், பேச்சுத் துணைக்கு நான் வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டாள். கடையை யார் பார்ப்பது என்கிறாள். கடையில் பார்க்க என்ன இருக்கிறது.

சத்தம் நின்றுவிட்டது. வருகிறாள் பாருங்கள். உடம்பெல்லாம் மரத்தூள்.

"வணக்கம் சார். எங்க அண்ணன் உங்களை ரொம்ப அறுத்துட்டாரா? பேச ஆள் கெடைச்சா விடமாட்டாரு. அண்ணா, சாருக்கு பிஸ்கட் கூட வைக்கலையா நீ?"

"இதோ வைக்கிறேன்மா."

"அப்புறம், அந்த மூணாவது ஊர் பேரை இன்னொரு தடவை சொல்லேன். வாயில நிக்க மாட்டேங்குது."

"போன்ல போட்டுக் கேட்டுக்கலாமே."

"அந்தப் பொம்பளை குரல் எனக்குப் பதியாதுண்ணா. நீ சொன்னாத்தான் பதியும். இந்தத் தடவை ஊகிச்சுச் சொல்லலையே? அந்த ஸ்டேஷன்லயே கேட்டுட்டதானே?"

"போன் போட்டுக் கேட்டேன்மா. ரெண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன்."

சொல்லிக்காட்டினேன், அவளும் சொன்னாள். கேட்டீர்கள் இல்லையா? பின்னறைக்குப் போகும்போதும் அதையே பாட்டு மாதிரி பாடிக்கொண்டு போகிறாள். நான் சொன்னபடியே, ஒரு எழுத்து பிசகாமல். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், அண்ணன் சொன்னால் அப்படியே பிடித்துக்கொள்வாள். அங்கே போய் வழி தெரியாமல் நின்றாலும் பயமில்லை, என் நம்பர் அவளுக்கு மனப்பாடம். முதலில் என்னைத்தான் கூப்பிடுவாள்.

டீ ஆறிவிட்டதே, வேறு கொண்டுவரச் சொல்கிறேன். நீங்கள் ஏன் எழுந்துகொள்கிறீர்கள்? முதல் இரண்டு ஊர்களின் பெயரையும் நான் சரியாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், சார்.